சின்னப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப்: ஒரே ஒரு பட்டரோடு முதல் ஒன்பது ஹோல்கள்

டிரைவர் என்கிற, தூரமாக வீசுவதற்கான டிஸ்கை (தட்டை) வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் ரொம்ப நல்லது, வாங்காதீர்கள்.

நான் முதன்முதலில் டிஸ்க் கோல்ஃப் ஆடப்போனபோது, இருப்பதிலேயே அதிக வேகம் என்று எண் போட்டிருந்த டிஸ்கைத்தான் தேடி வாங்கிக்கொண்டு போனேன். வேகமாகப் போனால் தூரமாகப் போகும், தூரமாகப் போனால் ஜெயித்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் வீச்சு இருபது மீட்டர் ஒழுங்காகப் போய், யாரோ பிடித்து இழுத்ததுபோல இடப்பக்கம் திரும்பி முட்புதருக்குள் இறங்கியது. இரண்டாவதும் அதே புதர். கையில் நாலு கீறலோடு வெளியே வந்தபோது, கூட வந்த நண்பர் விளிம்பு தேய்ந்த பழைய பட்டர் (மெதுவாக, குறைந்த தூரம் வீசுவதற்கான டிஸ்க்) ஒன்றை நீட்டி, "இதைப் போட்டுப் பாருங்க" என்றார். அது ரொம்ப தூரம் போகவில்லை. ஆனால் நேராகப் போனது.

சின்ன கோர்ஸில் (ஆடுகளத்தில்) ஆட அது போதும். எப்படிப் போதும் என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

என்ன ஆட்டம் இது?

கோல்ஃபின் கணக்கேதான். ஓரிடத்தில் தொடங்கி, இலக்கை எத்தனை குறைவான வீச்சில் அடைகிறீர்கள் என்பதுதான் போட்டி. மட்டையும் பந்தும் இல்லை, தட்டு இருக்கிறது. குழி இல்லை, கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை இருக்கிறது. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அவற்றில் மோதி, வேகம் அடங்கி, கூடைக்குள் விழ வேண்டும். குழியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஹோல் என்றுதான் பெயர்.

முதல் நிரந்தர கோர்ஸ் 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அங்கே முதலில் இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்று வாக்குவாதம் கிளம்பிக்கொண்டே இருந்தது. சங்கிலி வைத்த கூடையை ஹெட்ரிக் உருவாக்கியதற்கு அந்தத் தொல்லையும் ஒரு காரணம். சங்கிலி கலகலத்து, தட்டு கூடைக்குள் கிடந்தால் யார் மறுக்க முடியும்? 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அஸ்தியைக் கலந்து டிஸ்குகள் வார்த்தார்கள். பைத்தியம் பிடித்தால் அப்படிப் பிடிக்க வேண்டும்.

தொடக்கக்காரர்களுக்கான பூங்கா கோர்ஸில் பெரும்பாலும் ஒன்பது ஹோல்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 முதல் 80 மீட்டர். எல்லாம் பார் 3, அதாவது மூன்று வீச்சில் முடித்தால் சரியான ஆட்டம். ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

படி 1: எந்த டிஸ்க்?

டிஸ்குகளில் மூன்று வகை. பட்டர், நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச், டிரைவர். (பட்டர் என்று தமிழில் எழுதினால் வேறென்னவோ போலத்தான் இருக்கிறது. களத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், விட்டுவிடுவோம்.) பட்டரின் விளிம்பு தடிப்பாக, மழுங்கலாக இருக்கும். டிரைவரின் விளிம்பு அகலமாக, கத்தி மாதிரிக் கூராக இருக்கும். கூர்மையான தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேண்டிய வேகத்தை உங்கள் கை கொடுத்தால்தான். கொடுக்காவிட்டால் புதர்.

அது ஏன் இடப்பக்கம் திரும்புகிறது? வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே வீசும் பேக்ஹேண்ட் வீச்சில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய, காற்று தட்டின் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழன்றுகொண்டிருக்கும் பொருள் அந்தத் தள்ளலுக்கு நேராக மசியாது, பக்கவாட்டில் சாயும். பம்பரம் தலையாட்டுகிற அதே சங்கதி. அதனால் வீச்சின் கடைசியில் தட்டு இடப்பக்கம் சரிகிறது. இடது கைக்காரர்களுக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவரும். பட்டரிலும் இந்தச் சரிவு உண்டு, ஆனால் மெதுவான வீச்சுக்கே பட்டர் பறந்துவிடும் என்பதால் சரிவு கொஞ்சமாக, கடைசியில்தான் வரும்.

எடை 165 முதல் 175 கிராம் வரை உள்ள பட்டர் ஒன்று போதும். சிறுவர்களுக்கு 150 கிராம் பக்கம் பாருங்கள். கடற்கரையில் வீசி விளையாடும் பெரிய தட்டு வேண்டாம். அது அகலம் அதிகம், காற்றில் அலையும். வாங்கிய அன்றே அடிப்பக்கம் அழியாத மையில் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். தொலைந்த தட்டைக் கண்டெடுப்பவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

படி 2: டீயில் நின்று கண்ணால் ஆடுங்கள்

ஒவ்வொரு ஹோலும் டீ என்கிற இடத்தில் தொடங்கும். சிமென்டுத் தளமாகவோ, மண்ணில் பதித்த பலகையாகவோ இருக்கும். பக்கத்துப் பலகையில் ஹோல் எண்ணும், தூரமும், கூடை இருக்கும் திசையும் போட்டிருக்கும். கூடை மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் சோம்பல் பார்க்காமல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சின்னப் பூங்கா உங்களுக்காக மட்டும் இல்லை. நடைப்பயிற்சி போகிறவர், நாயைக் கூட்டிவந்தவர், பந்து விளையாடும் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறகுதான் நாம். வழியில் ஆள் இருந்தால் காத்திருங்கள். காத்திருப்பதைப் பார்த்து அவர்களே ஒதுங்கினால் நன்றி சொல்லிவிட்டு வீசுங்கள். தட்டு யாரையாவது நோக்கிப் போனால் "ஃபோர்!" என்று கத்துவது மரபு. ஆட்டம் தெரியாதவருக்கு அது புரியாது, நான் "பார்த்து! பார்த்து!" என்றுதான் கத்துகிறேன்.

படி 3: வீச்சு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பிடி: கட்டைவிரல் தட்டின் மேலே. ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி. மற்ற மூன்று விரல்களும் அடியில் விசிறிபோல விரிந்திருக்கட்டும். உள்ளங்கைக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. வீசிய தட்டு நடுங்கிக்கொண்டே போனால் பிடி தளர்ச்சி, அல்லது விடும்போது மணிக்கட்டு திருகிக்கொள்கிறது.

நிற்பது: இலக்குக்கு வலது தோளைக் காட்டிப் பக்கவாட்டாக நில்லுங்கள். ஓடிவந்து வீசுவதெல்லாம் இப்போது வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே வீசினால் தூரத்தில் கொஞ்சம்தான் குறையும். நேர்த்தியில் நிறையக் கூடும்.

வீசுவது: தட்டைப் பின்னால் கொண்டுபோய், மார்பை ஒட்டியே நேர்கோட்டில் முன்னுக்கு இழுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் உடம்பைச் சுற்றி அரைவட்டம் போடுவார்கள், நானும் போட்டேன். அரைவட்டம் போட்டால் தட்டு எந்தக் கணத்தில் கையை விட்டுப்போகும் என்பது உங்களுக்கே தெரியாது. இடுப்பு முதலில் திரும்பட்டும், தோள் அதைத் தொடரட்டும், கை கடைசியில் வரட்டும். விட்ட பிறகும் கை தன்பாட்டுக்குச் சுற்றிப் போகட்டும், நடுவில் பிரேக் போடாதீர்கள்.

மூக்கு: தட்டின் முன்விளிம்பை மூக்கு என்பார்கள். மூக்கு தூக்கியிருந்தால் தட்டு மேலே ஏறும், ஓரிடத்தில் தயங்கும், பிறகு இடப்பக்கம் சரிந்து பொத்தென்று விழும். தொடக்கக்காரர் வீச்சு பத்தில் எட்டுக்கு இதுதான் நோய் என்பது நான் பார்த்த வரையில் கணக்கு. செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு எப்படிக் கீழே சாய்கிறதோ, அப்படிச் சாய்த்துக்கொண்டு வீசிப் பாருங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

வலத்துக்கும் இடத்துக்கும்: தட்டின் வெளிவிளிம்பை (உடம்புக்கு எட்ட இருக்கும் பக்கத்தை) கீழே சாய்த்து வீசினால் இடப்பக்கம் வளையும், அதற்குப் பெயர் ஹைசர். வெளிவிளிம்பைத் தூக்கி வீசினால் வலப்பக்கம் வளையும், அது ஆன்ஹைசர். மரத்தைச் சுற்றிப் போக இரண்டும் உதவும். முதல் நாள் ஹைசர் மட்டும் பழகுங்கள், அது சொன்னபடி கேட்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஹோல் 60 மீட்டர். உங்கள் பட்டர் 35 மீட்டர்தான் போகிறது. பரவாயில்லை. இரண்டாவது வீச்சு 22 மீட்டர் போனால் கூடைக்கு இன்னும் மூன்று மீட்டர். அதைப் போட்டுவிட்டால் பார். கூட வந்தவர் டிரைவரில் 70 மீட்டர் வீசி, பக்கவாட்டில் மரத்தடியில் விழுந்து, அங்கிருந்து வெளியே வர ஒன்று, கூடைப் பக்கம் வர ஒன்று, உள்ளே போட ஒன்று என்று நாலில் முடிப்பார்.

படி 4: அடுத்த வீச்சு எங்கிருந்து?

தட்டு விழுந்து நின்ற இடத்திலிருந்து. கூடையைப் பார்க்கும் பக்கமாக, தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு சின்ன மார்க்கரை (அடையாளத் தட்டை) வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளலாம். வேறு தட்டு கையில் இருந்தால், விழுந்த தட்டையே அடையாளமாக விட்டுவிடலாம். அடையாளத்துக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள இடம் உங்களுடையது. தட்டை விடும் கணத்தில் ஒரு காலாவது அதில் ஊன்றியிருக்க வேண்டும். அடையாளத்தைத் தாண்டிக் கூடைப் பக்கம் எந்தக் காலும் தரையில் படக் கூடாது. கூடைக்கு மிகத் தொலைவில் இருப்பவர் முதலில் வீசுவார். அடுத்த டீயில், முந்தைய ஹோலில் குறைவாக எடுத்தவர் முதலில்.

கிளை வழியை மறைத்தால் ஒடிக்காதீர்கள். குனிந்தோ முட்டி போட்டோ வீசுங்கள்.

தட்டு மரத்தில் சிக்கிக்கொண்டால் அதற்கு நேர் கீழே தரையில் நின்று ஆடலாம். அதை எடுக்க இன்னொரு தட்டை எறியாதீர்கள். நான் எறிந்தேன். பிறகு மரத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன.

படி 5: கடைசிப் பத்து மீட்டர்

கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் விதி கொஞ்சம் கண்டிப்பு. தட்டை விட்ட பிறகு நிலை தடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே போக வேண்டும். போட்ட வேகத்தில் முன்னால் விழுந்து ஓடக் கூடாது.

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றிக்கொண்டே, தட்டைத் தொப்புள் உயரத்திலிருந்து கூடையை நோக்கி நீட்டி விடுங்கள். விட்ட பிறகு விரல்கள் கூடையைச் சுட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கைகுலுக்கப் போவதுபோல. மொத்தக் கூடையையும் பார்க்காதீர்கள். நடுச்சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எனக்கு இதைவிடப் பலன் தந்த யோசனை வேறில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் மூன்று மீட்டரில் நின்று பத்து முறை போடுங்கள். எட்டு விழுந்தால் ஒரு அடி பின்னே. விழாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். பன்னிரண்டு, பதினைந்து மீட்டரிலிருந்து வீரம் காட்ட வேண்டாம். வேகமாகப் போட்டுத் தவறினால் தட்டு கூடையைத் தாண்டி அதே தூரம் போய் நிற்கும். கூடைக்குக் கீழே விழுமாறு மெதுவாகப் போட்டுவிட்டு, அடுத்ததில் முடியுங்கள்.

தட்டு கூடைக்குள்ளோ சங்கிலியிலோ தங்கி நின்றால்தான் ஹோல் முடிந்தது. மேல்மூடியில் போய் உட்கார்ந்தால் கணக்கில்லை, எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாலும்.

காற்றைப் பற்றி ஒன்று. எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று கீழே அமுக்கும். எதிர்க்காற்றில் கொஞ்சம் தாழ்வாகவும், பின்காற்றில் கொஞ்சம் உயரமாகவும் போடுங்கள்.

படி 6: எண்ணிக்கை

வீசிய ஒவ்வொரு வீச்சும் ஒன்று. பாரைவிட ஒன்று குறைந்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி, டீயிலிருந்தே நேராக உள்ளே போனால் ஏஸ். எல்லைக்கு வெளியே விழுந்தால் தண்டனையாக ஒன்று சேர்த்துக்கொண்டு, தட்டு எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து ஆடலாம், அல்லது முன்பு வீசிய இடத்துக்கே திரும்பலாம். தட்டு தொலைந்தால் தேடிப் பார்க்க மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் தண்டனை ஒன்று, பழைய இடத்திலிருந்து மறுபடி வீச்சு. முதல் நாளில் இதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள், ஆனால் எண்ணாமலும் விடாதீர்கள். எந்த ஹோலில் எத்தனை என்று குறித்துவைத்தால்தான் அடுத்த வாரம் ஒப்பிட முடியும்.

இரண்டாவது டிஸ்க் எப்போது?

பட்டரை 50 மீட்டர் நேராக வீச வந்த பிறகு, மிட்ரேஞ்ச் ஒன்று. பல டிஸ்குகளின் மேல் நாலு எண்கள் இருக்கும். முதல் எண் அதற்கு வேண்டிய வேகம். இரண்டாவது எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது, வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. நாலாவது, கடைசியில் இடப்பக்கம் எவ்வளவு சரியும் என்பது. பட்டருக்கு முதல் எண் பெரும்பாலும் 2, 3 என்று இருக்கும், மிட்ரேஞ்சுக்கு 4, 5. அதில் நாலாவது எண் 0 அல்லது 1 உள்ளதாகத் தேடுங்கள்.

நான் அன்றைக்கு வாங்கிப்போன டிரைவரில் முதல் எண் 12. அது எனக்கு நேராகப் போக ஆரம்பித்தபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது.