ரவுட்டர் இல்லாமல் ப்ளூடூத் வலையமைப்பு: தொலைவை மட்டும் ஒப்பிட்டு இணைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓர் அறை முழுக்க ப்ளூடூத் கருவிகள். நடுவில் ரவுட்டர் இல்லை. எல்லாவற்றையும் அறிந்து முடிவெடுக்கும் கணினியும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தன் அண்டைக் கருவிகளை மட்டுமே தெரியும். இதை வைத்தே எல்லாவற்றையும் இணைத்துவிடலாம். பள்ளி வடிவியல் போதும். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுகிற எல்லாவற்றோடும் இணைய முடியாது. ப்ளூடூத்தில் ஒரு சிறு குழுவுக்குப் பிகோநெட் என்று பெயர்; அதை நடத்தும் கருவி மாஸ்டர், அதன்படி நடப்பவை ஸ்லேவ்கள். ஒரு பிகோநெட்டில் ஒரு மாஸ்டருடன் ஒரே நேரத்தில் 7 ஸ்லேவ்கள் மட்டுமே இயங்கலாம். ஆகவே சில இணைப்புகளைக் கழிக்க வேண்டும். வலை துண்டாகவும் கூடாது.

படி 1: நான்கு புள்ளிகளைக் குறியுங்கள், மீட்டர் அளவில்: அ (0,0), ஆ (6,0), இ (3,2), ஈ (3,−5). எட்டும் தொலைவு 10 மீட்டர் என்றால், மொத்தம் 6 இணைப்புகள்.

படி 2: தொலைவுகளின் வர்க்கத்தைக் கணக்கிடுங்கள். அ–ஆ 36, அ–இ 13, ஆ–இ 13, அ–ஈ 34, ஆ–ஈ 34, இ–ஈ 49. நடைமுறையில் ஒவ்வொரு கருவியும் தன் தொலைவுப் பட்டியலை அண்டைக் கருவிகளுக்கு அனுப்பிவிடும்.

படி 3: இதுதான் உயிர்நாடி. ஒன்றையொன்று எட்டும் மூன்று கருவிகளின் முக்கோணத்தில் மிக நீளமான பக்கத்தை நீக்குங்கள். நீளம் சமமானால் பெயர் வரிசை தீர்மானிக்கட்டும். கணினி அறிவியலாளர் காட்ஃப்ரீட் டூசான் 1980இல் விவரித்த, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் ஒரு வரைபடத்தின் அடிப்படை இது. இங்கே அ–ஆ, இ–ஈ இரண்டும் போய்விடும். 4 இணைப்புகள் மிஞ்சும்.

வலை ஏன் துண்டாவதில்லை? நீக்கிய பக்கத்துக்கு மாற்றாக அதைவிடக் குறுகிய இரு பக்கங்கள் உள்ளன. அவையும் நீங்கினால், இன்னும் குறுகியவை இருக்கும். இந்தக் குறைதல் எங்கோ நின்றே தீரும். சமதளத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு கருவியில் மிஞ்சும் எந்த இரு இணைப்புகளுக்கும் இடையே 60 பாகைக்குக் குறைந்த கோணம் வராது. எனவே ஒரு கருவிக்கு அதிகபட்சம் 6 இணைப்புகள். 7 என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். இரு முனைகளும் தனித்தனியே கணக்கிட்டாலும் ஒரே விடைக்கு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

சுவர் மறைத்து ஓர் இணைப்பு இல்லாமல் போனால் அந்த முக்கோணத்தை விட்டுவிடுங்கள். வலை துண்டாகாது, 6 என்ற உறுதி மட்டும் போய்விடும்.

படி 4: பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். மிஞ்சிய இணைப்புகளில் தன்னோடு இணைந்த கருவிகளைவிடப் பெயர் வரிசையில் முந்தியது மாஸ்டர். அ, ஆ இரண்டும் மாஸ்டர்கள். இ, ஈ இரண்டு பிகோநெட்டுகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டுப் பாலமாகும் ஸ்லேவ்கள். இரு பிகோநெட்டுகளும் இப்படிச் சேர்ந்தது ஸ்காட்டர்நெட்.

இப்போது உ (3,−1) என்ற ஐந்தாவது கருவியைச் சேர்த்து மீண்டும் கணக்கிடுங்கள். பழைய 4 இணைப்புகளும் நீங்கி, நால்வரும் உ வழியாகவே பேசுவார்கள். பெயர் வரிசைப்படி போனால் உ நான்கு மாஸ்டர்களுக்கு ஸ்லேவாகித் திணறும். அதனால் அதிக இணைப்புகள் உள்ள கருவிக்கே மாஸ்டர் பொறுப்பில் முன்னுரிமை கொடுங்கள். சமமானால் மட்டும் பெயரைப் பாருங்கள். அப்போது உ மாஸ்டராக, ஒரே பிகோநெட்டில் வேலை முடிந்துவிடும்.