பல்லுக்கு நிறம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர், ஒரு மேல் முன்பல்லைக் கிரவுனுக்காக (பல்லின் மேல் மாட்டும் உறை) தேய்த்து முடித்தார். அளவும் எடுத்தார். அதன் பிறகுதான் கிரவுனின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஷேட் கைடைக் கையில் எடுத்து, பக்கத்துப் பல்லோடு அதன் மாதிரிப் பற்களை, அதாவது டேபுகளை, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு டேபுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு; ஒரே எழுத்தில் எண் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். “ஏ1 அப்படியே சேர்கிறது” என்றார் மகிழ்ச்சியோடு. டேபை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, “இன்று வேண்டாம்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பல வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நான் தடுக்கி விழுந்திருக்கிறேன். அப்போது என்னைத் தடுக்க யாரும் இல்லை.

நாற்காலி விளக்கை அணைப்பது, உதட்டுச் சாயத்தைத் துடைப்பது, பளிச்சென்ற உடையைச் சாம்பல் நிறத் துணியால் மூடுவது ஆகியவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ந்த பல்லில் நிறம் பார்ப்பது

எனாமல் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல இருந்தாலும், அதன் நுண்ணிய இடைவெளிகளில் நீர் தங்கியிருக்கிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.62, நீருடையது 1.33, காற்றுடையது 1. நீர் இருக்கும்வரை ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய், அதன் அடியில் இருக்கும் டென்டின் அடுக்கின் மஞ்சளை எடுத்துக்கொண்டு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. நீர் போய்க் காற்று புகுந்தவுடன் ஒளி மேற்பரப்பிலேயே சிதறிவிடுகிறது. டென்டின் மறைந்து பல் வெளுக்கிறது. நனைந்த வெள்ளைத் துணி தன் அடியில் இருப்பதைக் காட்டுவதும், உலர்ந்தால் அதையே மறைப்பதும் இப்படித்தான்.

இதற்கு நீண்ட நேரம் ஆகாது. வாயைத் திறந்து வைத்திருக்கும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு) போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். திரும்பி வருவதோ மிக மெதுவாக. வாயை மூடி அரை மணி நேரம் ஆன பிறகும் பழைய நிறம் முழுதாக வருவதில்லை. ஒரு நாள் வரைகூடப் பிடிக்கும். வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு உடனே டேபை வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்கூட கிரவுனைப் பொருத்தும் நாளில் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். ஒரு பெண்ணுக்கு மேல் நடு வெட்டுப்பல். ஷேட் எடுத்ததில் பிழை இல்லை. வாயைத் திறந்தவுடன் பார்த்து ஏ2 என்று குறித்திருந்தேன். கிரவுன் வந்த அன்று தற்காலிகக் கிரவுனைக் கழற்றினேன், ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினேன், பஞ்சுருளைகள் வைத்துக் காற்றடித்தேன், விளிம்பைப் பார்த்தேன், கடியைச் சரிசெய்தேன். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். “மற்ற பல்லைவிட மஞ்சளாக இருக்கிறதே டாக்டர்” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ‘ஒரு படி வெளுப்பாக வேண்டும்’ என்று எழுதி லேபுக்குத் திருப்பி அனுப்பினேன்.

லேபிலிருந்து டெக்னீசியன் பேசினார். “நீங்கள் முதலில் அனுப்பிய படத்தோடு சரியாக இருக்கிறதே, பொருத்திப் பார்க்கும்போது பல் காய்ந்திருந்ததா?” என்று கேட்டார். நான் காது கொடுக்கவில்லை. புதிய கிரவுன் வந்தது. அதே போல் காற்றடித்து, அதே அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் சேர்ந்தது. ஒட்டி அனுப்பினேன். மறுநாள் காலை அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்துப் பற்கள் எல்லாம் ஏ2-வுக்குத் திரும்பியிருந்தன. நடுவில் நான் ஒட்டியது மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் தனியாகத் தெரிந்தது.

ஒட்டிய கிரவுனை வைர பர் (சுழலும் வெட்டுமுனை) கொண்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுக்கும்போது நல்ல பல்லிலும் ஒரு மெல்லிய அடுக்கு போனது. செலவு என்னுடையது, அது போகட்டும். போன பல் அவருடையது. நான் திருப்பி அனுப்பிய முதல் கிரவுன் சரியான கிரவுன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

ஆகவே, நோயாளி உட்கார்ந்தவுடன், மரத்துப்போகும் ஊசிக்கும் முன்பாக, பல்லும் டேபும் ஈரமாக இருக்கும்போது ஷேட் பாருங்கள், படம் எடுங்கள். பொருத்தும் நாளில் கிரவுனுக்குள் நீரோ டிரை-இன் பேஸ்ட்டோ (ஒட்டுமுன் நிறம் பார்க்க வைக்கும், இறுகாத பசை) வைத்து உட்காரவைத்து, நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு மற்ற வேலைகள். ஷேட் பார்க்க மறந்துவிட்டால் அனுமானம் வேண்டாம், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

எழுத்திலிருந்து தொடங்குவது

ஏ-வா பி-யா என்று முதலிலேயே குழம்புகிறார்கள். ஏ முதல் டி வரை என்பது நிறச்சாயல். கண் முதலில் கண்டுபிடிப்பது வெளிச்ச அளவின் பிழையை. சாயல் சற்று மாறியிருந்தால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். வெளிச்சம் மாறினால் எதிரில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். வீட்டா கிளாசிக்கல் கைடின் 16 டேபுகளையும் பி1, ஏ1, பி2, டி2, ஏ2 என்று வெளிச்ச வரிசையில் மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்; நிறம் மங்கி வெளிச்சம் மட்டும் நிற்கும். சாயலில் சந்தேகம் வந்தால் கோரைப்பல்லைப் பாருங்கள், அங்கே நிறம் அடர்த்தியாக இருக்கும்.

உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது

ஒரு முறைக்கு ஐந்து முதல் ஏழு நொடிதான் பாருங்கள். பிறகு கண்ணைச் சாம்பல் நிற அட்டைக்குத் திருப்புங்கள்.

அடிப்பல்லின் நிறத்தைச் சொல்லாமல் விடுவது

கிரவுன் செய்யப் பயன்படும் லித்தியம் டைசிலிகேட் போன்ற பீங்கான் பொருள்களின் அழகே ஒளியை உள்ளே விடுவதுதான். அதனால் வேர் சிகிச்சை செய்து கருத்துப்போன பல்லின் மேல் வைத்தால், மேலே எந்த ஷேட் கேட்டிருந்தாலும் சாம்பல் நிழல் எழும்பி வரும். தேய்த்த பல்லின் நிறத்தை அதற்கான தனி கைடில் பார்த்து எழுதுங்கள். எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதை டெக்னீசியன் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இறுகாத காம்போசிட்டை நம்புவது

ஒளியால் இறுகும் காம்போசிட்டுகள் (பல் நிறத்தில் நிரப்பும் பொருள்கள்) பலவற்றில், இறுகுதலைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குவினோன் மஞ்சள் நிறமுடையது. ஒளி பட்டதும் அந்த மஞ்சள் குறைந்துவிடும். ஆகவே ட்யூபில் தெரிவது ஒன்று, வாயில் தெரியப்போவது வேறொன்று. எட்சும் பாண்டும் (ஒட்டவைப்பதற்கான அமிலமும் பசையும்) போடாத பல்லின் மேல் சிறு துளி வைத்து, ஒளி காட்டி இறுக்கி, ஈரத்தோடு பாருங்கள். பிறகு நெம்பினால் சுலபமாக வந்துவிடும்.

வெளுப்பூட்டிய கையோடு நிரப்புவது

இரண்டு வாரம் பொறுங்கள். நிறமும் நிலைப்படும், ஒட்டும் வலிமையும் திரும்பும்.

லேபுக்கு ‘ஏ2’ என்று மட்டும் எழுதுவது

ஒரு பல்லில் கழுத்து, நடுப்பகுதி, நுனி மூன்றும் மூன்று விதம். படம் அனுப்புங்கள். டேபின் நுனி பல்லின் நுனியைத் தொடுமாறு, இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். டேப் முன்னால் வந்துவிட்டால் ஃப்ளாஷ் அதை வெளுப்பாகக் காட்டிவிடும். டேபின் எண்ணும் படத்தில் தெரியட்டும்.

அந்த இளம் மருத்துவரின் நோயாளி நான்கு நாள் கழித்து வந்தார். வாயைத் திறந்தவுடன் டேபை வைத்துப் பார்த்தோம். ஏ2, கழுத்தருகே ஏ3.