பினாங்கில் ஆங்கிலப் பேச்சுத் தடங்கலை நான் சரிசெய்த விதம்

ஐஎல்ட்ஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுவதற்காக மலேசியாவின் பினாங்கு வந்து ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தவன் நான். இலக்கணம் ஓரளவு வரும். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதிதான் பாடாய்ப் படுத்தியது: ஒரு அட்டையைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 2 நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள், எனக்கோ பாதியிலேயே வாய் கட்டிப்போகும். வகுப்பு முடிந்து லிட்டில் இந்தியா பக்கம் வந்தால் பூக்கடை, பலசரக்குக் கடை எல்லாம் தமிழிலேயே நடந்துவிடும், அது பெரிய நிம்மதி, ஆனால் ஆங்கிலம் நாக்கில் ஏறாது.

எனக்குக் கைகொடுத்தது 4-3-2 முறை. பால் நேஷன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 1989-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அது புதுக்கதை, நமக்கோ பழகிய கதை, அதனால் வார்த்தை தேடும் நேரம் குறைந்து பேச்சு தானாக ஓடத் தொடங்கும்.

அறைத்தோழனான கொரியப் பையனிடம் முதல் சுற்று, அப்புறம் வீட்டுக்கார அக்கா, கடைசியில் அவர் மகன். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்பார். “தம்பி, எத்தன வாட்டி ‘அண்ட் தென்’ சொல்லுவீங்க?” என்று ஒருநாள் நிறுத்தினார். எந்த ஆசிரியரும் அவ்வளவு துல்லியமாகத் திருத்தியதில்லை.

எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் பேசாதீர்கள், பலன் போய்விடும். நான்கைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், தேர்விலும் அந்த 1 நிமிடத்தில் குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் தருவார்கள்.