பைபிளைப் புதிதாகத் திறப்பவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

சென்ற மாதம் எங்கள் வேதபாடக் குழுவுக்கு ஒரு தம்பி புதிதாக வந்தார். இயேசுவைப் பின்பற்ற வேண்டும் என்ற ஆசை முகத்திலேயே தெரிந்தது. செல்போனைத் திறந்ததும் திரையில் எரேமியா 29:11. "இதுதான் அண்ணா எனக்குக் கிடைத்த வசனம்" என்றார். எனக்குப் பக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தினமும் வாசிக்காமல் விடுவது, ஜெபிக்காமல் நாளைத் தொடங்குவது போன்றவற்றைச் சொல்ல ஆள் தேவையில்லை, அவரவருக்கே தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவது

ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமமும் செங்கடல் வரை பறக்கும். கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும் வேகம் குறைந்து, லேவியராகமத்தின் பலிகளில் ஆள் உட்கார்ந்துவிடுவார். நான் மூன்று முறை அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இயேசுவைத் தேடி வந்தவர் முதலில் இயேசுவைப் பார்க்க வேண்டாமா? மாற்கு எழுதின சுவிசேஷம் 16 அதிகாரம்தான், நான்கில் அதுவே சிறியது. ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். அப்புறம் லூக்கா, அதன் தொடர்ச்சியாக அப்போஸ்தலருடைய நடபடிகள். பின்னால், அந்தப் பலிகளைக் கொண்டே இயேசுவை விளக்கும் எபிரெயர் நிருபத்தை வாசிக்கும்போது லேவியராகமத்தை நீங்களே தேடிப் போவீர்கள்.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எரிச்சலில் பாதி என் மேலேயே.

பல வருடங்களுக்கு முன் என் நெருங்கிய நண்பரின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். நான் அப்போது விசுவாசத்துக்குப் புதிது, உற்சாகம் அதிகம். எரேமியா 29:11-ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம். "பார், எதிர்பார்க்கும் முடிவு என்று கர்த்தரே சொல்லிவிட்டார், அப்பா எழுந்து நடப்பார்" என்றேன். மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு நண்பர் கேட்டார்: "பொய் சொன்னது கடவுளா, நீயா?" நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் பைபிளைத் தொடவே இல்லை.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்க எனக்கு அதற்கப்புறம்தான் தோன்றியது. அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் எகொனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்புகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். பத்தாம் வசனத்தில் கணக்கு வருகிறது: எழுபது வருஷம். அதற்கு அடுத்ததுதான் நாம் தாளில் எழுதும் பதினோராம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பியிருக்க முடியாது.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் இன்னும் உறைக்கும். 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். கேட்கக் கேட்க இனிப்பு. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. இதை வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது: எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அனனியாவின் வேலையைச் செய்திருக்கிறேன்.

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது போட்டியில் ஜெயிக்கச் சொல்லும் மந்திரமாகிவிட்டது. அப்போஸ்தலனாகிய பவுல் அதைக் காவலில் கட்டுண்ட நிலையில் எழுதுகிறார். முந்தின வசனத்தில் பேச்சு பசியையும் குறைவையும் பற்றியது. தோற்றாலும் பட்டினி கிடந்தாலும் நிலைநிற்கிற பெலன் அது.

எண்கள் இருப்பதால்தான் பிய்த்தெடுப்பது இவ்வளவு சுலபமாகிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பவுல் எண் போட்டு எழுதவில்லை. நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் போட்டது 1551-இல்.

வசனத்தைப் பிய்ப்பதில் கைதேர்ந்தவன் யார் தெரியுமா? மத்தேயு 4-இல் பிசாசு 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்கிறான். பன்னிரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறான். பதின்மூன்றாம் வசனம் வலுசர்ப்பத்தை மிதிப்பதைப் பற்றியது, அது அவனுக்கு எதற்கு? இயேசு உபாகமத்திலிருந்து பதில் சொல்லி, "என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். அந்த "என்றும்" என்பதில் உள்ள "உம்"மைக் கவனியுங்கள். இதுவும் எழுதியிருக்கிறது, அதையும் சேர்த்து வாசி.

அந்தத் தம்பியிடம் நான் இதில் எதையும் பிரசங்கம் செய்யவில்லை. 29-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, இது யார் யாருக்கு எழுதியது, அவர்கள் அப்போது என்ன நிலையில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். பத்தாம் வசனத்தில் நின்று, "எழுபதா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அங்கேயே வீடு கட்டச் சொல்லும்போதும் கர்த்தர் அவர்களோடுதான் இருந்தாரா அண்ணா?" என்று கேட்டார். இருந்தார். எனக்கு இப்போது அந்த வசனம் பிடிப்பது அதனால்தான். என் நண்பரிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

கண்ணை மூடிப் பக்கத்தைத் திருப்பி விரல் வைப்பது

வேண்டாம். அது சீட்டுக் குலுக்குவது.

சந்தேகத்தை மறைப்பது

சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று பயந்து, குழுவில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் உண்டு. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானனே சிறையிலிருந்து அவரிடம் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்டார். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன வாயாலேயே என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்றும் கதறுகிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். கேளுங்கள்.

மூன்றே வாரத்தில் போதகராகிவிடுவது

முதலில் மாற்குவை முடியுங்கள்.