பிள்ளைகளின் சைக்கிள் பாதையைக் காப்பாற்ற: முதலில் புல எண்ணைப் பிடியுங்கள்

நில அளவைத் துறையில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மதுரைக்கு வெளியே இருக்கும் எங்கள் நகரில், பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் பிள்ளைகளே ஒரு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வளைவு, வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செம்மண்ணில் இரண்டு மேடு, அதைத் தாண்டி ஒரு சறுக்கு. குரங்குப் பெடல் போடும் பொடிசுகளும் அங்கேதான், பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் வாங்கிய பெண் பிள்ளைகளும் அங்கேதான். அந்த இடத்தில் சமுதாயக் கூடம் வரப்போகிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். நாங்கள் செய்ததை வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் உதவும்.

கூட்டம் போடும் முன் காகிதத்தைத் தேடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த வரைபடத்தில் அந்தத் துண்டு ‘பூங்கா’ என்றோ ‘விளையாட்டிடம்’ என்றோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அந்த அனுமதியைக் கொடுப்பது நகரமைப்பு அலுவலகம்: சென்னை என்றால் சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் பெரும்பாலும் டி.டி.சி.பி. நகரில் முதலில் மனை வாங்கிய பெரியவர்களைக் கேளுங்கள். பத்திரத்தோடு அந்த நீலநிற வரைபடத்தையும் பலர் பத்திரமாக வைத்திருப்பார்கள். புல எண், அதாவது நிலத்தின் சர்வே நம்பர், கிடைத்துவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் தெரியும். இணையத்தில் ‘அ’ பதிவேடு என்னும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டையும் பார்த்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ‘ஏன் எங்கள் பிள்ளைகளின் இடத்தை எடுக்கிறீர்கள்?’ என்று எழுதினால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் இல்லை. நகல் கேளுங்கள்: உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தின் நகல், கட்டட மதிப்பீட்டின் நகல், தானப் பத்திரத்தின் நகல். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தயாரித்த பட்டியலில் இந்த இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு முதலில் வந்தது ஒரு வரி பதில், அதுவும் வேறு புல எண்ணுக்கு. மேல்முறையீட்டில்தான் தீர்மானம் கைக்கு வந்தது.

இனி அக்கம்பக்கம். எதிர்ப்பு அலுவலகத்திலிருந்து மட்டும் வராது. “எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டப வாடகை நீங்க கட்டுவீங்களாக்கா?” என்று பின்தெருத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. சமுதாயக் கூடம் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. புலப்படத்தை விரித்து வைத்து, அதே வார்டில் பஸ் வரும் சாலையை ஒட்டி ஆக்கிரமிப்பு இல்லாத புறம்போக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் புல எண்ணையும் மனுவில் சேர்த்தோம். அந்தத் தம்பியும் கையெழுத்துப் போட்டான். மாற்று இடத்தைக் காட்டாத மனுவில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வார்டு எண், புல எண், ஒரே ஒரு கோரிக்கை, இணைப்பாக நகல்கள். கையெழுத்தோடு கதவு எண்ணும் இருக்கட்டும். பிள்ளைகள் ஓட்டும் படங்களைப் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எங்கள் மனுவில் இரண்டு வரி எழுதினேன். படித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கவுன்சிலரிடம் முதலில் கொடுங்கள், அவரைத் தாண்டிப் போனதாக வருத்தம் வரக்கூடாது. பிறகு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை நடந்தால் அங்கேயும் பேசி, பேசியதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

இதற்குள் இடம் பாழாகிவிடக் கூடாது. சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் மண்டினால் டியூப் எல்லாம் பஞ்சர்; பிள்ளைகள் வருவது நின்றுவிட்டால் ‘சும்மாதானே கிடக்கிறது’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு நாலு பெரியவர்கள் போனால் போதும். மேடுகளைச் சரிசெய்ய மட்டும் பிள்ளைகளை விடுங்கள், அவர்களுக்குத்தான் சரிவு தெரியும்.

கோர்ட் கடைசி. 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கை வக்கீலிடம் சொல்லுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றும், அதை எதிர்த்து வழக்குப் போட அப்பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்றும் அதில் தீர்ப்பானது. செலவுக்குப் பயந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

எங்களுக்குக் கோர்ட் தேவைப்படவில்லை, மன்றமே இடத்தை மாற்றியது. அப்படி நடந்தால் மாற்றிய தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். ‘பூங்கா, விளையாட்டிடம்’ என்று புல எண்ணோடு ஒரு பலகை வைக்க எழுதிக் கொடுங்கள். எல்லா நகலிலும் ஒரு செட் சங்கத்தில் இருக்கட்டும், இன்னொரு செட் இளவயதுப் பெற்றோர் ஒருவர் வீட்டில்.