மூளைக்குள் கருவி வைத்து வீடு திரும்பியவருக்கு

பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சில் வைத்த பற்றரியால் அதற்குக் கரண்ட் கொடுப்பதுதான் ஆழ்மூளைத் தூண்டல். அந்த ஒப்பரேசன் முடிந்து வந்த முதல் நாட்களில் நடுக்கம் குறைந்து கை இலகுவாக இருக்கும். கருவியை இன்னும் முடுக்கவே இல்லையே, எப்படிச் சுகம் வந்தது என்று வீட்டார் யோசிப்பார்கள். கம்பி இறங்கிய இடத்தைச் சுற்றி மூளையில் உண்டாகும் சிறு வீக்கத்தின் வேலை அது. சில கிழமைகளில் வீக்கம் வற்ற, நடுக்கம் திரும்பும். ஒப்பரேசன் பிழையாகிப் போனதென்று கலங்க வேண்டாம். கருவியை முடுக்கிக் கரண்ட் அளவு பார்ப்பது வழமையாக 2 முதல் 4 கிழமைக்குப் பிறகுதான். சரியான அளவு பிடிபட 3 முதல் 6 மாதம் ஆகும். அதுவரை குளிசையை நீங்களாகக் குறைக்கவே கூடாது.

காயமும் வேலையும்

பற்றரி காறை எலும்புக்குக் கீழே இருக்கும். வயர் கழுத்து வழியே காதுக்குப் பின்னால் ஏறும். தையல் வெட்டும் வரை அந்த இடங்கள் நனையக் கூடாது. வெயில் நேரத்தில் வியர்வையைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். 4 முதல் 6 கிழமைக்குக் கிணற்றில் வாளி இழுப்பது, விறகு கொத்துவது, நெல் மூட்டை தூக்குவது, பற்றரிப் பக்கக் கையை உயர்த்தி மாங்காய் ஆய்வது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தோலுக்கு மேலால் பற்றரியை உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வரும். பற்றரி சுழன்றால் வயர் முறுகி இழுபடும். சிவப்பு, சூடு, கசிவு எது கண்டாலும் கடையில் மருந்து வாங்கிக் குடித்துப் பார்க்காமல் ஒப்பரேசன் செய்த இடத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். கிருமி வயர் வழியே மேலே ஏறினால் முழுக் கருவியையும் கழற்ற வேண்டி வரும்.

கொப்பி

அளவு வைப்பவர் உங்களை அரை மணித்தியாலம்தான் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் பார்ப்பது வீட்டார். அதனால் 40 தாள் கொப்பி ஒன்றை வாங்கி இப்படி எழுதுங்கள்:

காலை 6.00 குளிசை. 6.40 கை இளகியது. 9.30 வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. 10.00 குளிசை. 10.45 தலையும் தோளும் தானாக ஆடின, 20 நிமிடம்.

இதில் 9.30க்கு நடந்தது மருந்து தீர்ந்ததன் அடையாளம். 10.45க்கு நடந்தது குளிசையும் கரண்டும் சேர்ந்து கூடிப்போனதன் அடையாளம். ஒன்றுக்குக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும். ‘நடுக்கம் கூட’ என்று மட்டும் போய்ச் சொன்னால் வைத்தியருக்கு எதுவும் விளங்காது.

முதல் முறை அளவு வைக்கும்போது பெரும்பாலும் காலைக் குளிசை போடாமல் வரச் சொல்வார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர், குளிசை இல்லாமல் விறைத்த உடம்போடு விடிய இறங்கினால் படாத பாடு படுவார். முதல் நாளே போய்த் தங்குங்கள். குளிசையைக் கையோடு வைத்திருங்கள். நடுக்கமும் விறைப்பும் அளவு மாற்றிய சற்று நேரத்திலேயே மாறும். நடையும் தானாக ஆடுவதும் பிறகுதான் தெரியவரும். ஆகவே முடிந்தால் அன்றிரவும் அங்கேயே தங்கி, குளிசை போட்டுப் பார்த்துவிட்டு யாழ்தேவி ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறுங்கள். அளவு வைத்ததும் முகம் ஒரு பக்கம் இழுப்பது, நாக்குக் குழறுவது, கை விறுவிறுப்பது, இரண்டிரண்டாகத் தெரிவது எல்லாம் பெரும்பாலும் கரண்ட் பக்கத்து நரம்பில் படுவதன் குறி. அளவை மாற்றினால் வழமையாகப் போய்விடும்.

கரண்ட் தீர்க்காதவை

குரல், விழுங்கல், சமநிலை மூன்றும் பெரிதாகத் திருந்தாது. பேச்சு இன்னும் குழறவும் கூடும். கை நன்றாகிவிட்டதென்ற தைரியத்தில் வயல் வரம்பில் வேகமாக நடந்து விழுகிறவர்கள் உண்டு. பழைய நோயாளியின் கவனத்தோடே நடக்க வேண்டும். கால் ஒட்டினால் தள்ளாதீர்கள். “நில்லுங்கோ அப்பா, ஒண்டு, ரெண்டு, பெரிய அடி வையுங்கோ” என்று தாளமாகச் சொல்லுங்கள். ஒட்டுகிற இடத்தில் நிலத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் கண் அதைப் பிடிக்க, கால் தாண்டும்.

மனத்தையும் பாருங்கள். புதிதாகக் கடன் வாங்குவது, நித்திரையின்றி எதையோ செய்துகொண்டிருப்பது, அல்லது ஒருவரோடும் கதைக்காமல் ஒதுங்குவது, சாவைப் பற்றிப் பேசுவது: இவை மருந்தாலும் கரண்டாலும் வரலாம். ஆளின் குணம் கெட்டுவிட்டதென்று ஏச வேண்டாம். அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றுதான்: பார்க்கின்சன் குளிசையான லெவோடோப்பாவைச் சோற்றுக்கு அரை மணித்தியாலமாவது முன்பு போடுங்கள். மீனும் பருப்பும் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கும்.

சட்டைப் பையில் இருக்க வேண்டிய கடதாசி

ஊர் ஆஸ்பத்திரியில் கடமையில் இருப்பவர் இந்தக் கருவியை முன்பு கண்டிராமல் இருக்கலாம். ஆகவே கருவி அட்டையோடு பெரிய எழுத்தில் ஒரு கடதாசியும் வேண்டும். முதல் வரி: டயதெர்மி கூடவே கூடாது. தோள்நோ, முழங்கால்நோ என்று பிசியோதெரபிக்குப் போனால் கொடுக்கும் அந்தச் சூட்டுச் சிகிச்சை, கம்பி நுனியைச் சூடாக்கி மூளையைக் கருக்கிவிடும். கருவியை நிறுத்திவிட்டாலும் ஆபத்து அதேதான்.

இரண்டாவது: கருவியின் வகை பார்த்து ஒப்பரேசன் செய்த இடத்தில் கேட்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. வன்னியில் எத்தனையோ பேரின் உடம்பில் போரில் பட்ட செல் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், இன்னும் இருக்கிறது. அது எந்த இடத்தில் என்பதையும் அதில் எழுதுங்கள். எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். மூன்றாவது: சத்திக்கு மெற்றோகுளோப்ரமைட், குழப்பத்துக்கு ஹலோபெரிடோல் வேண்டாம், இரண்டும் பார்க்கின்சனைக் கூட்டும்.

வெல்டிங் வேலையை மற்றவரிடம் விடுங்கள். பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்காதீர்கள். பலாலியில் விமானம் ஏறும்போது அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.

பற்றரி

சார்ஜ் ஏற்றாத வகை 3 முதல் 5 வருடம் போகும். ஏற்றும் வகையென்றால் கிழமையில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். மார்கழி மழையில் வீட்டுக் கரண்ட் போகும் என்பது தெரிந்ததே. புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஏற்றிவிடுங்கள். திடீரென்று எல்லாம் பழையபடி திரும்பினால் முதலில் கருவியை முடுக்கவும் நிறுத்தவும் தந்த கைக்கருவியில் ‘ஓன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பற்றரி நின்று உடம்பு மரம்போல விறைத்துக் காய்ச்சலும் ஏறினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்; அது விடியும் வரை பொறுக்கிற விசயமில்லை.

கடதாசியின் கடைசி வரியை எழுத எந்தப் பிள்ளைக்கும் கை வராது. ஆனாலும் எழுதுங்கள்: தகனம் செய்வதென்றால் அதற்கு முன் நெஞ்சுப் பற்றரியைக் கழற்ற வேண்டும், நெருப்பில் அது வெடிக்கும்.