இங்கிலாந்தில் பிரைமரி ஸ்கூல்: ஹோம்வொர்க்கே வரவில்லையே என்று பதறும் பெற்றோருக்கு

இங்கிலாந்துக்கு வந்து பிள்ளையைப் பிரைமரி ஸ்கூலில் சேர்த்து ஒரு மாதம் ஆனதும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்னங்க, ஒண்ணுமே எழுதிட்டு வர மாட்டேங்கிறான், ஸ்கூல்ல பாடம் நடத்துறாங்களா இல்லையா?" என்பதுதான். சென்னையிலோ கோவையிலோ யூகேஜியிலேயே நாலு நோட்டு தூக்கிக்கொண்டு போன பிள்ளை இங்கே ஒரு மெல்லிய பையில் ஒரே ஒரு கதைப் புத்தகத்தோடு வந்து நின்றால் யாருக்கும் கலக்கமாகத்தான் இருக்கும். பாடம் நடக்கிறது, பயப்பட வேண்டாம். எழுதுகிற நோட்டெல்லாம் வகுப்பிலேயே இருக்கும், டெக்ஸ்ட்புக் வாங்கச் சொல்லும் வழக்கமும் பொதுவாக இல்லை, அதனால் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு ஹோம்வொர்க் தர வேண்டும் என்று இங்கே சட்டம் எதுவும் கிடையாது. 1998இல் அரசாங்கம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது, இயர் 1, இயர் 2 (ஐந்து முதல் ஏழு வயது) பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இயர் 5, இயர் 6க்கு (ஒன்பது முதல் பதினொரு வயது) தினம் அரை மணி நேரம் என்று. 2012இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஹெட் டீச்சர் வைத்ததுதான் முடிவு. அதனால்தான் உங்கள் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஒரு தாள் மட்டும் வரும்போது அடுத்த தெருவில் இருக்கிற நண்பர் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பெல்லிங், கணக்கு, காம்ப்ரிஹென்ஷன் என்று மூன்று வரும். இரண்டும் சரிதான். வாட்ஸ்அப் குழுவில் ஒப்பிட்டுப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் உங்கள் பள்ளியின் இணையதளத்தில் ஹோம்வொர்க் பாலிசி என்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்.

அந்த ஒரே ஒரு கதைப் புத்தகம் இருக்கிறதே, அதுதான் உண்மையான ஹோம்வொர்க். நம்மில் நிறையப் பேர் அதை ஹோம்வொர்க்காகவே எண்ணுவதில்லை, "படிச்சிட்டியா? சரி, இப்ப உட்காந்து ரெண்டு பக்கம் எழுது" என்று தாண்டிப் போய்விடுகிறோம். புத்தகத்தோடு ரீடிங் ரெக்கார்ட் என்று ஒரு சின்ன நோட்டு வரும். தினம் பத்து நிமிடம் பிள்ளை உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், நீங்கள் அந்த நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுத வேண்டும். வெறும் கையெழுத்து போட்டு அனுப்பாதீர்கள். எட்டாம் பக்கம் வரை படித்தாள், இந்த மூன்று வார்த்தைகளில் தடுமாறினாள் என்று எழுதினால் டீச்சருக்கு அது நேரடியாக உதவும். உங்கள் ஆங்கிலத்தை யாரும் திருத்தப் போவதில்லை, கூச்சமே வேண்டாம். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் படத்தைக் காட்டி என்ன நடக்கிறது, அடுத்து என்ன ஆகும் என்று தமிழிலேயே பேசட்டும். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், டீச்சர்கள் அப்படிச் சொல்வதில்லை, வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ரிசெப்ஷன் (இயர் 1க்கு முந்தைய வகுப்பு), இயர் 1 பிள்ளை வைத்திருப்பவர்கள் ஃபோனிக்ஸ், அதாவது ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் முறை, பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எழுத்தின் பெயரைவிட அதன் ஒலிக்குத்தான் முதலிடம். எம் அல்ல, ம். எஸ் அல்ல, ஸ். புள்ளி வைத்த மெய்யெழுத்தோடு வளர்ந்த நமக்கு இது எளிதாகவே பிடிபடும். ஆனால் sat என்ற வார்த்தையை ஸ், ஆ, ட் என்று நிறுத்தாமல் ஸ, ஆ, ட என்பதுபோல் அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை வார்த்தையை ஒட்டிச் சேர்க்கும்போது குழம்பிப்போகும். இயர் 1 முடியும் ஜூன் மாதத்தில் ஒரு சின்னப் பரிசோதனை உண்டு, 40 வார்த்தைகள், அதில் 20 அர்த்தமே இல்லாத வார்த்தைகள், பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் போட்டிருக்கும். பிள்ளை இப்படி ஒரு வார்த்தையை வீட்டில் படித்தால் "அப்படி ஒரு வார்த்தையே இல்லை" என்று திருத்திவிடாதீர்கள், ஒலிகளைச் சேர்த்துப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்தது அது. அதில் தேறாவிட்டால் இயர் 2இல் மறுபடி பார்ப்பார்கள், வேறு ஒன்றும் ஆகிவிடாது.

கணக்கில்தான் வீட்டில் சண்டை வரும். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும் என்றால் நாம் உடனே ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பத்தாம் இடத்தில் கடன் வாங்குவோம். இயர் 2 பிள்ளை ஒரு கோடு போட்டு, 27இலிருந்து 30க்கு மூன்று, 30இலிருந்து 50க்கு இருபது, 50இலிருந்து 52க்கு இரண்டு, ஆக 25 என்று தாவித் தாவிப் போகும். அதைப் பார்த்ததும் "இவ்வளவு சுத்தணுமா?" என்று எழுதியதைக் கோடு போட்டு அழித்துவிட்டு நம் முறையைச் சொல்லிக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். கீழே கீழே எழுதும் முறை இயர் 3 வாக்கில் அவர்களுக்கும் வரும், அதற்கு முன்னால் எண்கள் எவ்வளவு பெரியவை என்பது மனதில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தாவல் எல்லாம். "உங்க டீச்சர் எப்படிச் செய்தாங்க, எனக்குச் சொல்லிக் கொடு" என்று பிள்ளையிடமே கேளுங்கள், விளக்கிச் சொல்லும்போது எங்கே பிடிபடவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வாய்ப்பாட்டில் மட்டும் நம் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும். இயர் 4 ஜூனில் கணினியில் ஒரு வாய்ப்பாட்டுப் பரிசோதனை இருக்கிறது, 2022இலிருந்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடத்தியே ஆக வேண்டும், 12 வரைக்குமான வாய்ப்பாட்டிலிருந்து 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. ஆனால் ஏழு ஒன்று ஏழு என்று வரிசையாக ஒப்பிப்பது மட்டும் போதாது, நடுவிலிருந்து கேட்பார்கள். பஸ்ஸில் போகும்போது, சமைக்கும்போது மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

விடுமுறை ஹோம்வொர்க் பற்றி ஒரு வார்த்தை. ஹாஃப் டெர்ம் லீவில், அதாவது பருவத்தின் நடுவில் வரும் ஒரு வார விடுமுறையில், ஏதாவது செய்து கொண்டு வரச் சொல்வார்கள், 1666இல் லண்டனில் நடந்த பெரும் தீவிபத்துப் பாடத்துக்கு அந்தக் காலத்து வீடு, ரோமானியர் கேடயம், எகிப்துப் பிரமிடு, இப்படி. திங்கள்கிழமை காலை பள்ளி வாசலில் பார்த்தால் அச்சு அசலாக ஓடு வேய்ந்த மாளிகைகள் வரிசையாக வரும், அப்பா அம்மா ராத்திரி கண் விழித்துச் செய்தவை. டீச்சருக்கு யார் செய்தது என்று நன்றாகத் தெரியும். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் கறுப்புத் தாளைக் கோணல்மாணலாக ஒட்டி, பசை வழிய உங்கள் பிள்ளை தானே செய்ததை அப்படியே கொடுத்து அனுப்புங்கள். தான் செய்ததைப் பற்றி வகுப்பில் நாலு வார்த்தை பேச அதனால்தான் முடியும்.

பெற்றோர்களின் கருத்து இங்கேயும் ஒன்றுபோல் இல்லை. பள்ளி வாசலில் நிற்கிற வெள்ளைக்கார அம்மா, ஆறு மணி நேரம் ஸ்கூலில் இருந்துவிட்டு வருகிற குழந்தைக்கு இந்த ஒரு தாளே அதிகம் என்று வருத்தப்படுவார், பக்கத்தில் நிற்கிற நம் அம்மா இது பத்தாது என்பார், டீச்சர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். ஆய்வுகளை மொத்தமாக வைத்துப் பார்த்தால் ஹோம்வொர்க்கின் பலன் பதினொரு வயதுக்கு மேல் போகும் செகண்டரியில்தான் அதிகம், பிரைமரியில் குறைவு. என் கருத்தும் அதுவே. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரம் எழுத்து வேலை வைப்பதைவிடப் பத்து நிமிடம் படிப்பு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம், மாலையில் பூங்கா, ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் என்று இருப்பது எவ்வளவோ மேல். நூலக அட்டை இலவசம், முதல் வாரமே போய் எடுத்துவிடுங்கள். மாறாகப் பிள்ளை தாளை வைத்துக்கொண்டு அழுகிறது, அரை மணி தாண்டியும் முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் முயன்றாள், இதற்கு மேல் முடியவில்லை என்று தாளின் மேலேயே எழுதிக் கொடுங்கள். நீங்களே எழுதி முடித்துக் கொடுத்தால் டீச்சருக்குப் பிள்ளையின் சிக்கல் தெரியவே தெரியாது.

டீச்சரிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெற்றோர் டீச்சரைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவ்னிங்கில் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் பாதி நேரம் உங்கள் மகள் எவ்வளவு அன்பானவள், எப்படி எல்லோருடனும் ஒத்துப்போகிறாள் என்றே போய்விடும். கேட்க நன்றாக இருக்கும், சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம். பணிவாக நேரடியாகவே கேளுங்கள்: படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இவள் வயதுக்கு எதிர்பார்க்கிற நிலையில் இருக்கிறாளா, அதற்குக் கீழேயா, மேலேயா? வீட்டில் எதைச் செய்தால் உதவும்? நோட்டைக் காட்ட முடியுமா? இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டியூஷன் பேச்சு எப்படியும் வரும், முக்கியமாக கிராமர் ஸ்கூல், அதாவது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரசு செகண்டரிப் பள்ளி, மேல் ஆசை உள்ள வீடுகளில். இங்கிலாந்து முழுக்க 163 கிராமர் ஸ்கூல்தான், சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், கென்ட், பக்கிங்ஹாம்ஷர் போன்ற சில இடங்களில் மட்டும். அதற்கான இலெவன் பிளஸ் நுழைவுத் தேர்வு பெரும்பாலும் இயர் 6 தொடங்கும் செப்டம்பரில், அதற்குப் பதிவு செய்வது இயர் 5 கோடையில், செகண்டரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக இயர் 1இலேயே டியூஷன் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். இயர் 6 மே மாதத்தில் நாடு முழுக்க நடக்கும் சாட்ஸ் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எந்த அரசு செகண்டரிப் பள்ளியும் இடம் கொடுப்பதில்லை, அதற்கென்று டியூஷனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

வருடத்தின் நடுவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. ஹோம்வொர்க் ஆப், வாய்ப்பாட்டு ஆப், படிப்பு ஆப் எல்லாவற்றுக்கும் பிள்ளையின் பெயரில் தனித்தனி லாகின் உண்டு, செப்டம்பரில் எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள், நடுவில் வந்தவர்களுக்கு யாராவது கேட்டால்தான் கிடைக்கும். ஸ்கூல் ஆபீஸில் கேட்டு வாங்கி, தாளை ரீடிங் ரெக்கார்டின் உள் அட்டையில் ஒட்டி வைத்துவிடுங்கள்.